வாசகர் கேள்வி பதில்: ‘ஒண்று’ எங்கிருந்து வந்தது?

இம்முறை வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை எழுத்துப் பிழைகளைப் பற்றியே கேட்டிருந்தமையால், ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என் மகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள். ‘ஒண்று’, ‘கண்று’, ‘நண்றி’ என்றே எழுதுகிறாள். திருத்தித் திரும்பத் திரும்ப எழுத வைத்தாலும் மறுநாள் கொப்பியில் அதே பிழை நிற்கிறது. என்ன செய்யலாம்?
(தாயார் ஒருவர், சாவகச்சேரி)

பதில்: உங்கள் மகளின் காதில் குறையில்லை, அது கூர்மையாக இருப்பதுதான் சிக்கல். வீட்டில் நாம் எல்லோரும் ‘ஒண்டு’, ‘மூண்டு’, ‘கண்டுக்குட்டி’, ‘பண்டி’ என்றுதான் பேசுகிறோம். அவள் பேச்சிலிருந்து ணகரத்தையும் பாடப்புத்தகத்திலிருந்து றகரத்தையும் எடுத்து ஒன்றாகத் தைத்துவிட்டாள். ‘ஒண்டு’ பேச்சுக்குச் சரி, ‘ஒன்று’ எழுத்துக்குச் சரி, ‘ஒண்று’ இரண்டுக்கும் சொந்தமில்லை.

தமிழில் றகரத்துக்கு முன் வரும் மூக்கொலி றன்னகரம் மட்டுமே; டகரத்துக்கு முன் டண்ணகரம், தகரத்துக்கு முன் தந்நகரம். ‘ன்ற’, ‘ண்ட’, ‘ந்த’ என்னும் இந்தச் சோடிகள் பிரிவதில்லை, ஏனெனில் ஒவ்வொரு சோடியிலும் இரண்டு எழுத்துகளும் நாக்கு ஒரே இடத்தைத் தொடுவதால் பிறக்கின்றன. நெடுங்கணக்கைச் சொல்லிப் பாருங்கள்: ட, ண அடுத்தடுத்து வரும், த, ந அடுத்தடுத்து வரும், கடைசியில் ற, ன சேர்ந்து வரும். நம் முன்னோர் ண, ந, ன என்னும் மூன்று எழுத்துகளுக்கும் வைத்த பெயர்களிலேயே விதியையும் பொதிந்து வைத்தார்கள். இன்று ‘மூன்று சுழி ண’, ‘இரண்டு சுழி ன’ என்று சொல்லிக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. சுழிகளின் எண்ணிக்கை எழுத்தின் வடிவத்தைத்தான் காட்டும். டண்ணகரம், றன்னகரம் என்ற பெயர்களோ அது எந்த எழுத்துக்கு முன்னால் நிற்கும் என்பதையும் காட்டிவிடும்.

ஆகவே தனிச் சொற்களைத் திரும்ப எழுத வைப்பதை நிறுத்திவிட்டு, கொப்பியின் ஒரு பக்கத்தில் பேச்சுச் சொல்லையும் எதிர்ப்பக்கத்தில் எழுத்துச் சொல்லையும் எழுதச் சொல்லுங்கள்: ஒண்டு – ஒன்று, மூண்டு – மூன்று, எண்டு – என்று, பண்டி – பன்றி. மாறினால் இரண்டு எழுத்தும் சேர்ந்தே மாறும் என்பதை அவள் தானாகவே கண்டுகொள்வாள். நண்டு, வண்டி, தொண்டை முதலியவை பேச்சிலும் எழுத்திலும் ஒன்றே என்பதையும் அதே பட்டியலிற் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் ‘நன்று பிடித்தோம்’ என்று எழுதி வைப்பாள். மனம் – மணம், பனி – பணி, ஆனி – ஆணி போன்ற சொற்களில் சோடியெழுத்து இல்லாமையால் இந்த வழி உதவாது. அங்கே பொருளைக் கொண்டுதான் பழக வேண்டும்.

கேள்வி: எங்கள் விளையாட்டுக் கழகத்தின் பதாகையில் ‘வாள்த்துகிறோம்’ என்று அச்சாகி ஊரெல்லாம் சிரித்தது. ள, ழ இரண்டையும் பிரித்தறிய வழி உண்டா?
(இளைஞர் ஒருவர், பருத்தித்துறை)

பதில்: நம் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிப்பதனால் காதை நம்பி எழுத முடியாது. சொல்லைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டும். ளகர மெய்யில் முடியும் சொல்லை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோனால் அது பெரும்பாலும் டகரமாகவோ ணகரமாகவோ உருமாறும்: கேள் – கேட்டான், ஆள் – ஆண்டான், மீள் – மீண்டான். ழகர மெய் அசையாமல் நிற்கும்: வாழ் – வாழ்ந்தான், ஆழ் – ஆழ்ந்தான், தாழ் – தாழ்ந்தான். பெயர்ச்சொல்லிலும் இப்படியே. நாள் நாட்கள் ஆகிறது, முள் முட்கள் ஆகிறது. ஆனால் தமிழ்ச் சங்கத்திலும் யாழ்ப்பாணத்திலும் ழகரம் அப்படியே இருக்கிறது. லகரம் மாறினால் றகரமும் றன்னகரமுமாக மாறும் (கல் – கற்கள், நில் – நின்றான்). மேலே சாவகச்சேரித் தாயாருக்குச் சொன்ன சோடிகளே இங்கும் வேலை செய்கின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ழகரம் இரட்டிப்பதில்லை என்பதையும் நினைவில் வைத்தால், பள்ளி, வெள்ளி, உள்ளம் என்பவற்றில் ஐயம் எழாது. அவள், மகள், வந்தாள், நீங்கள், மரங்கள் என்று வரும் விகுதிகள் எல்லாம் ளகரமே. இவற்றுக்குள் அடங்காத சொற்களுக்கு வேடிக்கையான வாக்கியம் ஒன்றைக் கட்டிக்கொள்வது நல்லது. ‘வியாழக்கிழமை மழையில் வாழைப்பழம் அழுகிப் புழு விழுந்தது’ என்பதில் ளகரத்துக்கு இடமே இல்லை. ‘கள்ளன் வெள்ளி விளக்கை அள்ளிக்கொண்டு ஒளிந்தான்’ என்பதில் ழகரத்துக்கு இடமில்லை. ‘ஒழிந்தான்’ என்று எழுதினால் கள்ளனின் கதையே முடிந்துவிடும். ‘விளையாட்டுக் கழகம்’ என்ற உங்கள் பெயர்ப்பலகையிலும் இரண்டு எழுத்துகளும் இருக்கின்றன. அடுத்த பதாகைக்கு அதுவே காவலாகட்டும்.

கேள்வி: நாங்கள் இறந்தவர் நினைவாக வெளியிடப்படும் அந்தியேட்டி மலர்கள் அச்சிடுகிறோம். வாடிக்கையாளர் தரும் பிரதிகளில் ‘இறங்கல் உரை’, ‘அவரது முயற்ச்சி’, ‘அதற்க்கு’, ‘சுவற்றில் தொங்கும் படம்’ என்றெல்லாம் இருக்கும். திருத்தினால் ‘தந்தபடியே போடுங்கள்’ என்கிறார்கள். எப்படி விளக்குவது?
(அச்சக உரிமையாளர், மானிப்பாய்)

பதில்: துக்க வீட்டாரோடு வாதிடுவது கடினந்தான். ஆயினும் அந்த மலரை உறவினர்கள் பல ஆண்டுகள் அலுமாரியில் வைத்திருப்பார்கள் என்பதால், முதற் பிழையை மட்டுமாவது விடாமல் திருத்துங்கள். இறந்தவரைப் பற்றிய உரை என்பதனால் ‘இறங்கல்’ என்று எழுதக் கை போகிறது. ஆனால் அது இறப்பிலிருந்து வந்த சொல் அன்று. இரங்கு, இரக்கம் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இறங்கல் என்பது மரத்திலிருந்தோ பஸ்ஸிலிருந்தோ இறங்குவது. பிறப்பும் இறப்பும் றகரம், பிறகு வரும் இரங்கல் ரகரம் என்று சொல்லிப் பாருங்கள், மறக்காது. மலரின் கடைசிப் பக்கங்களில் நீங்கள் அச்சிடும் ‘இரங்கற்பா’வில் ஒரு றகரம் வருகிறதே என்று யாராவது கேட்டால், அது ‘இரங்கல்’ என்பதன் ஈற்று லகரம் மாறி வந்தது என்று சொல்லுங்கள்.

‘முயற்ச்சி’, ‘அதற்க்கு’ இரண்டும் ஒரே பிழை. ட், ற் என்னும் வல்லின மெய்களுக்குப் பின்னால் இன்னொரு வல்லின மெய் புள்ளியோடு வந்து நிற்காது. ‘நட்ப்பு’, ‘வெட்க்கம்’ என்று எழுத உங்கள் கை கூசும். அந்தக் கூச்சத்தையே முயற்சிக்கும் அதற்கும் கொண்டுவர வேண்டும். ய், ர், ழ் என்னும் இடையின மெய்களுக்குப் பின்னால் தாராளமாக வரலாம்: வாய்ப்பு, தேர்ச்சி, மகிழ்ச்சி. எனவே பயிற்சியில் ஒரு சகரம், பயிர்ச்செய்கையில் இரண்டு. இந்த இரு சொற்களையும் அருகருகே எழுதி மேசைக்கு மேல் ஒட்டி வைத்தால் தட்டச்சு செய்பவருக்கு நாளெல்லாம் உதவும்.

சுவர் விடயம் எளிது. கிணறு, வயிறு, கயிறு என்று ‘று’வில் முடியும் சொற்களே கிணற்றில், வயிற்றில், கயிற்றில் என்று இரட்டிக்கும். சுவர் ‘ர்’ என்று முடிகிறது. ஊரில், தேரில் என்பன போலச் சுவரில் என்றே வரும். நல்லூர்த் தேரில் சுவாமி எழுந்தருளினார் என்று எழுதுகிறவர் எவரும் ‘தேற்றில்’ என்று எழுதுவதில்லையே. இத்தனைக்கும் பிறகு ஒருவர் ஏற்க மறுத்தால், ஆறுமுக நாவலர் (1822–1879) எழுதிய ‘இலக்கணச் சுருக்கம்’ ஒரு பிரதியை மேசையில் எடுத்து வையுங்கள். நாவலர் பெயருக்கு எதிராக யாழ்ப்பாணத்தில் வாதாடுவோர் குறைவு.

கேள்வி: கோவிலா, கோயிலா?
(மாணவி, உடுவில்)

பதில்: இரண்டும் சரி. கோ + இல் என்பதற்கு நன்னூல் விதிப்படி வகரம் தோன்றிக் கோவில் ஆகும். கோயில் என்பது நெடுங்கால வழக்கினால் நிலைத்தது. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் ‘கறுப்பு’ என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டு நூல்களில் ‘கருப்பு’ என்று பார்க்கிறேன். எங்களுடையது பிழையா?
(உயர்தர மாணவர், சுன்னாகம்)

பதில்: பிழையன்று. சிவ என்பதிலிருந்து சிவப்பும் வெளு என்பதிலிருந்து வெளுப்பும் வந்ததைப் போல, கறு என்னும் வினையிலிருந்து கறுப்பு வருகிறது. முகம் கறுத்தது, வானம் கறுத்தது என்று நாம் பேசுவதும் அதுவே. ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று தொல்காப்பியம் சினத்தைக் குறிக்கும் சொல்லாகக் காட்டி, நிறத்தைக் குறிக்கவும் அது உரியது என்று அடுத்தே சொல்கிறது. ஆனால் கருமை, கரிய, கருங்கல் என்பன ரகரத்துக்கு உரியவை. கறுப்பு சரியென்ற துணிவில் ‘கறுங்கல்’ என்று எழுதிவிட வேண்டாம்.

கேள்வி: பற்றுச்சீட்டில் ‘முன்னூறு ரூபா’ என்று எழுதினேன். மேலாளர் திருத்திவிட்டார். ஏன்?
(கூட்டுறவுச் சங்க ஊழியர், கரவெட்டி)

பதில்: மேலாளர் செய்தது சரியே. மூன்று + நூறு சேரும்போது மூன்று என்பது ‘மு’ ஆகக் குறுகி, நூற்றின் நகரம் இரட்டித்து முந்நூறு ஆகிறது. முன்னூறு என்றால் முன்னால் வந்த நூறு என்று பொருள்படும். இதே வழியில் ஐந்நூறு, வெந்நீர், செந்நீர் என்பவற்றிலும் தந்நகரமே. வெந்நீரை ‘வெண்ணீர்’ என்று எழுதினால் சூடு போய் நிறம் வந்துவிடும். எண்ணெயை மட்டும் தனியாகக் கவனியுங்கள்: எள் + நெய் என்பதால் ளகரமும் நகரமும் சேர்ந்து ண்ண ஆயின, நெய் அப்படியே நிற்கிறது. ஆகவே நல்லெண்ணெய்ப் போத்தலில் ‘எண்ணை’ என்று எழுதுவது தவறு.

கேள்வி: ‘ரிக்கெற்’, ‘ரியூசன்’, ‘லைற்’ என்று நாங்கள் எழுதுவதைக் கனடாவிலிருந்து வந்த பேரன் பிழை என்கிறான். அவன் இணையத்திற் காண்பது ‘டிக்கெட்’, ‘டியூஷன்’, ‘லைட்’. யார் சரி?
(ஓய்வுபெற்ற தபாலதிபர், கொக்குவில்)

பதில்: இருவரும் தத்தம் காதுக்கு உண்மையாகவே எழுதுகிறீர்கள். வெற்றி, காற்று என்பவற்றில் ‘ற்ற’வை நாம் ஒலிக்கும்போது நாக்கு மேற்பல்லின் ஈறைத் தொடுகிறது, ரிக்கெற் என்ற சொல்லை ஆங்கிலேயர் சொல்லும்போதும் ஏறத்தாழ அதே இடந்தான். அதனால் ஈழத்தார் அவ்வொலியைச் சொல்லின் இடையிலும் கடையிலும் பெரும்பாலும் றகரத்தாலும், சொல்லுக்கு முதலில் றகரம் வாராது என்பதனால் அங்கே ரகரத்தாலும் எழுதினர். டொக்டர், டிசம்பர் என்பவற்றின் முதலொலிக்கு டகரத்தை வைத்துக்கொண்டோம். இதனால் t, d என்னும் இரண்டு ஆங்கில ஒலிகளும் எழுத்திலும் வேறாகவே நிற்கின்றன. தமிழ்நாட்டு முறையில் இரண்டும் டகரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் அங்கே வெற்றி என்பதை நம்மைப் போல ஒலிப்பதில்லையாகையால் அவர்களுக்கு அதுவே இயல்பு. பேரன் ‘ரொறன்ரோ’ என்று எழுதுகிறானா, ‘டொரன்டோ’ என்று எழுதுகிறானா என்று கேட்டுப் பாருங்கள். அங்கு நம்மவர் நடத்தும் பத்திரிகைகளிற் பழகியிருந்தால் முதலாவதையே எழுதுவான்; அப்படி எழுதினால் ரிக்கெற்றையும் அவன் மறுக்க இயலாது. தலைப்பில் ‘டியூஷன்’ என்றும் கீழே ‘ரியூசன் கட்டணம்’ என்றும் அச்சிட்டு வரும் துண்டுப்பிரசுரங்களைத்தான் ஏற்பதற்கில்லை.