தொடங்கின நாளா, கிடைச்ச நாளா?

கேள்வி: ஸ்பெயின்கிட்ட இருந்து மெக்சிகோவுக்கு விடுதலை கிடைச்சது 1821-ல. ஆனா அவங்க 1810 செப்டம்பர் 16-ஐ சுதந்திர தினமா கொண்டாடுறாங்களே, ஏன்?

பதில்: 1821 செப்டம்பர் 27 அன்னிக்கு மெக்சிகோ நகருக்குள்ள படையோட நுழைஞ்சது யாருன்னு பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. அகுஸ்தின் தே இத்துர்பிதே, பல வருஷம் ஸ்பெயின் ராஜாவோட படையில இருந்து விடுதலைப் போராளிகளை அடிச்சு நொறுக்கின அதிகாரி. 1820-ல ஸ்பெயின்லயே ராஜாவோட கையைக் கட்டுற அரசியல் சட்டம் திரும்ப வந்துச்சு, சர்ச், ராணுவம் ரெண்டோட சலுகையும் போயிடும்னு மெக்சிகோவுல இருந்த பெரிய மனுஷங்க பயந்து பிரிஞ்சு போறதே மேல்னு முடிவு பண்ணாங்க, இவரும் பக்கம் மாறினார், 1822-லயே பேரரசரா முடியும் சூட்டிக்கிட்டார்.

1810 அப்படி இல்லை. கேரேத்தாரோ ஊர்ல ஸ்பெயின் ஆட்சிக்கு எதிரா ரகசியமா போட்ட திட்டம் வெளிய தெரிஞ்சுபோச்சு, அதிகாரியோட மனைவியா இருந்தும் அந்தத் திட்டத்துல சேர்ந்திருந்த ஹோசெஃபா ஒர்த்திஸ் எப்படியோ சேதி அனுப்பிட்டாங்க, சேதி கிடைச்சதும் டோலோரெஸ் ஊர் பாதிரியார் மிகுவல் இதால்கோ செப்டம்பர் 16 விடியக்காலைல கோயில் மணியை அடிச்சு ஜனங்களைக் கூப்பிட்டார். வந்தவங்க விவசாயிங்க, கூலிங்க, பூர்வகுடி மக்கள். மழை பொய்ச்சு மக்காச்சோளம் விலை ஏறிக் கிடந்த காலம், அதுக்கு மேல பூர்வகுடியா பிறந்ததுக்கே தலைவரி கட்டணும். கையில வெட்டுக்கத்தியும் கவணும்தான். குவானஹுவாத்தோ தானியக் கிடங்குல ஒளிஞ்சிருந்தவங்களை அந்தக் கூட்டம் கொன்னு குவிச்சதும் உண்மை, அதை மறைச்சு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. ஆனா அதே வருஷக் கடைசில குவாதலஹாராவுல அடிமைமுறையும் தலைவரியும் ஒழிஞ்சதுன்னு அறிவிச்சதும் இதே இதால்கோதான். 1811 ஜூலைல அவரைச் சுட்டுக் கொன்னாங்க. அவரோட தலையையும் கூட்டாளிங்க 3 பேரோட தலையையும் அந்தக் கிடங்கோட நாலு மூலையில கூண்டுல போட்டு 10 வருஷம் தொங்கவிட்டாங்க.

செப்டம்பர் 16-ஐ வருஷா வருஷம் கொண்டாடணும்னு 1813-லயே எழுதி வச்சவர் மொரேலோஸ். ஒரு காலத்துல கோவேறு கழுதை ஓட்டினவர், அப்புறம் பாதிரியார், இதால்கோவுக்குப் பிறகு போராட்டத்தைத் தூக்கி நிறுத்தினவர். விடுதலை வர்றதுக்கு 8 வருஷம் முன்னாடியே எந்த நாள் முக்கியம்னு அவருக்குத் தெளிவா இருந்திருக்கு பாருங்க! 1815-ல அவரையும் சுட்டுட்டாங்க. டோலோரெஸ் மணி இப்போ மெக்சிகோ நகர தேசிய மாளிகையில இருக்கு, செப்டம்பர் 15 ராத்திரி ஜனாதிபதியே அதை அடிக்கிறார்.

கேள்வி: அப்போ ஆரம்பத்துல இருந்து போராடினவங்க யாருமே 1821-ஐ பார்க்கலையா?

பதில்: பார்த்தவர் விசென்தே கெரேரோ. ஆப்பிரிக்க வம்சாவளி கலந்தவர், மொரேலோஸ் போன பிறகு தெற்கு மலைகள்ல விடாம சண்டை போட்டவர். இத்துர்பிதே அவரோட ராசியானதாலதான் 1821 சாத்தியமாச்சு. தோல் நிறம் பார்க்காம எல்லாருக்கும் சம உரிமைங்கிறது அவருக்கு ரொம்ப முக்கியம். 1829-ல ஜனாதிபதியானதும் அடிமைமுறையை ஒழிச்சு ஆணை போட்டார், அந்த வருஷமே பதவியைப் பிடுங்கினாங்க, 1831-ல சுட்டுக் கொன்னாங்க. இந்தத் தடவை கொன்னது ஸ்பெயின்காரங்க இல்லை, விடுதலை வாங்கின மெக்சிகோவோட சொந்த அரசாங்கம்.