ஈத்தர் இரட்டிப்பு நேரலை: இன்னொரு தடவை அனுப்பாதீர்கள்

வணக்கம். யூடியூப் நேரலையில் எலான் மஸ்க் பேசுவதையும், அனுப்பினால் இரட்டிப்பாகத் திருப்பித் தருவதாகச் சொல்வதையும் பார்த்து உங்கள் அண்ணன் 0.2 ஈத்தர் (ஒரு கிரிப்டோ நாணயம்) அனுப்பியிருக்கிறார். இரட்டிப்பாக வரவேண்டியது வரவில்லை, இப்போது 'சரிபார்ப்புக் கட்டணம்' என்று இன்னும் 0.1 கேட்கிறார்கள், கட்டலாமா என்கிறீர்கள். தயவுசெய்து கட்டவேண்டாம். எவ்வளவு கட்டினாலும் அடுத்த கட்டணம் ஒன்று வரும்.

சேனலுக்கு லட்சக்கணக்கில் சந்தாதாரர்கள் இருக்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு யாருடைய சேனலையோ திருடிப் பெயரை மாற்றி, பழைய பேட்டியையோ போலிக் குரலையோ ஓடவிடுவது இவர்கள் வழக்கம். 2020 ஜூலையில் வேறு சில மோசடிக்காரர்கள் ஒபாமா, பில் கேட்ஸ், மஸ்க் ஆகியோரின் உண்மையான ட்விட்டர் கணக்குகளுக்குள்ளேயே புகுந்து, இதே இரட்டிப்பு ஆசையைக் காட்டி, சில மணி நேரத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் பிட்காயின் சுருட்டினார்கள்.

அண்ணன் நம்ப மறுத்தால் வாதாடாதீர்கள். அவர் அனுப்பிய முகவரியை ஈத்தர்ஸ்கேனில் (ஈத்தர் பரிவர்த்தனைகளை யாரும் பார்க்கக்கூடிய இணையதளம்) போட்டுக் காட்டுங்கள். அனுப்பியவர்களுக்கு இரட்டிப்பாகத் திரும்பிப் போயிருக்கிறதா என்று அவரே தேடிப் பார்க்கட்டும்.

போனது திரும்புவது கடினம், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் பரிவர்த்தனை எண்ணையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் எடுத்துவைத்து இன்றைக்கே இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், ஈத்தர் வாங்கிய எக்ஸ்சேஞ்சுக்கும் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) எழுதுங்கள். அப்புறம், வாலட்டின் (ஈத்தரைக் கையாளும் செயலி) மீட்புச் சொற்களை, அதாவது அதை முழுதாகத் திறந்துவிடும் ரகசியச் சொற்களை, எங்காவது தட்டச்சு செய்தாரா என்று கேளுங்கள். செய்திருந்தால் மிச்சத்தை உடனே புது வாலட்டுக்கு மாற்றவேண்டும். மீட்டுத் தருகிறேன் என்று தனிச்செய்தியில் வருபவர்களுக்குப் பதிலே போடாதீர்கள்.