யாழ்ப்பாணத்தில் காடே இல்லையே, பாதுகாக்க என்ன இருக்கிறது?

காடு என்றால் பெருமரமும் யானையும் மட்டும்தான் என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. எங்கள் காடு கடலோரத் தண்ணிக்குள் நிற்கும் கண்டல் மரக் காடு. கண்டல் வேர்களுக்கு இடையில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. கண்டலை வெட்டினால் முதலில் அடிபடுவது, ஆழமில்லாத கடலில் தடி நட்டு வலை கட்டி மீன் பிடிக்கும் களங்கட்டி மீனவரின் வயிறு.

மாரி காலத்தில் விடிய வெள்ளண பண்ணைப் பாலத்தால் போய்ப் பாருங்கள். கரையோரச் சேற்றில் கொக்கும் உள்ளானும் மேயும். சுண்டிக்குளம் பக்கம் போனால் பூநாரைகளையும் காணலாம். பூநாரை காலால் சேற்றைக் கலக்கி, தலையைக் கவிழ்த்து, அலகால் தண்ணியை வடித்துத் தின்னும். அதன் இளஞ்சிவப்பு நிறமே உண்ணும் பாசியிலும் சின்ன இறாலினங்களிலும் இருந்து வருவதுதான்.

சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமானது, 2015 இல் தேசிய பூங்காவானது. நெடுந்தீவிலும் ஒரு தேசிய பூங்கா உண்டு. அங்கே திரியும் குதிரைகள் அந்நியர் காலத்தில் கொண்டுவந்தவற்றின் வழி வந்தவை.

என்னைக் கேட்டால், இன்று பறவைகளுக்குப் பெரிய ஆபத்து வேட்டைக்காரரின் துவக்கு இல்லை, குப்பை. களப்போரத்தில் கட்டிட இடிபாடும் பொலித்தீனும் கொட்டிச் சேற்றுநிலத்தை மூடிவிட்டால், தூரத்தில் இருந்து வரும் பறவைக்கு இறங்க இடம் இராது.