வழக்கில் சிக்கிய வெங்காயம் அழுகுகிறது, விற்கலாமா?

கேள்வி: நானும் கூட்டாளியும் சேர்ந்து சின்ன வெங்காயம் வாங்கி குடோனில் இருப்பு வைத்தோம். கணக்கில் தகராறு வந்ததும், சரக்கு முழுக்கத் தனக்கே சொந்தம் என்று அவர் சிவில் கோர்ட்டுக்குப் போய்விட்டார். 'இருக்கும் நிலை தொடர வேண்டும்' என்று இடைக்கால உத்தரவு வந்து குடோன் பூட்டிக் கிடக்கிறது. வாய்தா ஒரு மாதம் தள்ளிப் போயிருக்கிறது. அடி மூட்டைகளில் நீர் கசிகிறது, மேலே முளை விடுகிறது. திறந்து விற்றுவிட்டு, பணத்தைப் பிறகு கோர்ட்டில் காட்டலாமா?

பதில்: பூட்டில் கை வைக்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு விற்றாலும் அது உத்தரவை மீறியதுதான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 'கட்டளை' என்று பெயரிட்ட பகுதிகள் உண்டு; அதில் கட்டளை 39, விதி 2ஏ-யின்படி உங்கள் சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையிலும் வைக்கலாம். எதிர்த்தரப்புக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

அதே கட்டளையின் விதி 6-இல் உங்களுக்கு வழி இருக்கிறது. வழக்குக்கு உட்பட்ட அசையும் பொருள் சீக்கிரம் கெட்டுப்போகக் கூடியதாக இருந்தால், தீர்ப்புக்குக் காத்திராமல் அதை விற்க நீதிமன்றம் உத்தரவிடலாம். யார் விற்பது, எப்படி விற்பது, என்ன நிபந்தனை என்பதையும் அதுவே சொல்லும். பிரதிவாதியான நீங்களும் இதைக் கேட்கலாம், வழக்கில் ஆஜராகியிருந்தால் போதும். இன்னும் வக்காலத்து போடவில்லை என்றால் முதல் வேலை அதுதான்.

வாய்தா வரும்வரை காத்திருக்க வேண்டாம். விற்பனைக்கு உத்தரவு கேட்கும் இடைமனுவோடு, வழக்கை முன்கூட்டி எடுக்கச் சொல்லி இன்னொரு மனுவும் போடுங்கள். விதி 8-இன்படி எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போக வேண்டும். ஆனால் அந்தத் தாமதத்தால் உத்தரவின் நோக்கமே கெட்டுவிடும் என்று தோன்றினால், நோட்டீஸ் இல்லாமலும் நீதிமன்றம் உத்தரவிடலாம். இந்த வரியை உங்கள் வக்கீல் அழுத்திச் சொல்ல வேண்டும்.

'சரக்கு கெடுகிறது' என்று மனுவோடு தரும் அபிடவிட்டில் (சத்திய வாக்குமூலத்தில்) மொட்டையாக எழுதினால் எடுபடாது. வாங்கிய தேதி, எடைச்சீட்டு, மூட்டைக் கணக்கு, இன்றைய சந்தை விலை எல்லாம் வேண்டும். உத்தரவுக்கு முன்பு எடுத்த போட்டோ இருந்தால் சேருங்கள். இல்லாவிட்டால், குடோனைத் திறந்து பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கும்படி கட்டளை 26, விதி 9-இன் கீழ் கேளுங்கள். அவர் முன்னிலையில் இரு தரப்பும் இருக்கும்போதே மூட்டையைப் பிரித்து, நல்லதையும் அழுகலையும் தனித்தனியாக எடை போட்டுவிட வேண்டும். 'ஐம்பது மூட்டை அழுகல் என்று பொய் சொல்லி வெளியே விற்றுவிட்டான்' என்ற பேச்சு பின்னால் வராமல் இருக்க இது ஒன்றுதான் காப்பு.

அழுகியது வேறு விவகாரம். மலிவு விலைக்கு யாராவது கேட்பார்கள், கொடுக்காதீர்கள். பாதுகாப்பற்ற உணவை விற்பது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டப்படி குற்றம். ஆணையர் முன்னிலையில் அதைப் புதைக்கவோ உரக்குழியில் போடவோ அனுமதி வேண்டும் என்று அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.

விற்கச் சம்மதித்தால் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று சிலர் தயங்குவார்கள். ஆகாது. இதுவரை வெங்காயத்தின் மேல் இருந்த தகராறு இனி பணத்தின் மேல் இருக்கும், அவ்வளவுதான். குடோன் வாடகை, கூலி, ஆணையர் கட்டணம் போக மீதியைக் கோர்ட்டில் கட்டி, தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு வைக்கும்படி கேளுங்கள். ஜெயிப்பவர் வட்டியோடு எடுத்துக்கொள்ளலாம். கூட்டாளி விற்பனைக்கு ஆட்சேபணை செய்தால், சரக்கு வீணானால் நஷ்டத்தை ஈடுகட்ட அவரைப் பிணையம் கட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே பிடிவாதம் தளர்ந்துவிடும்.

இதெல்லாம் சிவில் வழக்குக்கு மட்டும். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் பறிமுதலான சரக்கு என்றால் பிரிவு 6ஏ-யின் கீழ் கலெக்டரிடம் போக வேண்டும். போலீஸ் கைப்பற்றி கிரிமினல் கோர்ட்டில் ஒப்படைத்தது என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 497-இன் கீழ் அந்தக் கோர்ட்டிலேயே கேட்க வேண்டும்.