பழைய ஸ்கூபா சாமான் ஆன்லைனில் வாங்கலாமா?

கடலுக்கடியில் மூச்சுவிட்டு நீந்த உதவும் ஸ்கூபா சாமானில், ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுவிடும் அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் கருவி), பிசிடி (காற்று ஊதி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் சட்டை), சிலிண்டர், முகமூடி எல்லாம் சேர்த்துப் பாதி விலைக்கு வருகிறது, காரைக்குடிக்கு வரவழைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்மூர் முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய எனாமல் தூக்கு வாங்கினால்கூடத் தட்டி, கவிழ்த்துப் பார்த்துத்தான் பேரம் பேசுவோம். ஆன்லைனில் படம் மட்டும்தான். ரெகுலேட்டரின் கோளாறோ உள்ளே இருக்கும். கடலில் இருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசாமல் வைத்திருந்தால் உள்ளே உப்பு படிந்து உலோகம் அரித்திருக்கும், காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள் காய்ந்திருக்கும். வெளியே பளபளவென்றுதான் தெரியும். அதனால் சர்வீஸ் ரசீதைக் கேளுங்கள். இருந்தாலும் மறுபடி சர்வீஸ் செய்யாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். அந்த மாடலுக்கு இன்னும் உதிரி பாகம் கிடைக்கிறதா என்பதையும் முதலிலேயே விசாரியுங்கள். இந்தச் செலவையும் கூட்டினால் 'பாதி விலை' பாதியாக இருக்காது.

பிசிடியை ஊதிச் சில மணி நேரம் விட்டு, காற்று இறங்குகிறதா என்று பாருங்கள். காற்றை உள்ளே விடும் பொத்தான் சிக்கினால் உங்களை வேகமாக மேலே தூக்கிக்கொண்டு போய்விடும், அது நுரையீரலுக்கு ஆபத்து.

சிலிண்டரை நான் தொடவே மாட்டேன். நிரப்பினால் சுமார் 200 பார், கார் டயரைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு அழுத்தம். பழைய 6351 அலுமினியக் கலவையில் செய்தவற்றின் கழுத்துப் பகுதியில் விரிசல் விடுவதும் உண்டு. எப்படியும் புதுச்சேரியிலோ அந்தமானிலோ டைவ் போனால் சிலிண்டரை அவர்களே தருவார்கள்.

முகமூடியா? முகத்தில் சரியாகப் பொருந்தினால் சரி, தாராளமாக வாங்குங்கள்.