எது நடந்தாலும் பொருந்தும் வாதம்

அன்புள்ள ஐயா,

கடலூரிலிருந்து காலாப்பட்டுக்குப் பேருந்தில் போய்வரும் முனைவர் பட்ட மாணவி நான். 'இந்தியா–சீனா போட்டியும் தெற்காசியச் சிறிய நாடுகளின் ராஜதந்திரமும்' என்பது தலைப்பு. இலங்கை, மாலத்தீவு, நேபாளம் மூன்றும் எந்தப் பக்கமும் முழுதாகச் சாயாமல் இரண்டு பக்கமும் பெற்றுக்கொள்கின்றன என்று வாதிடுகிறேன். நெறியாளரோ "இதில் ஆய்வு எங்கே இருக்கிறது?" என்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே மோதிய கர்நாடகப் போர்களோடு ஒப்பிட்டு ஓர் அத்தியாயம் சேர்த்தால் கனம் கூடுமா? புனித டேவிட் கோட்டை பக்கத்தில்தான் இருக்கிறது.

க., மஞ்சக்குப்பம்

அன்புள்ள க.,

கோட்டையை விட்டுவிடுங்கள். 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் ஆங்கிலேயரின் தலைமையிடம் உங்கள் ஊருக்கு வந்தது, ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் முகமது அலியும் ஆளுக்கொரு கம்பெனியைப் பிடித்துக்கொண்டார்கள், எல்லாம் சரிதான். ஆனால் அது ஆற்காட்டுப் பதவிச் சண்டை. மத்திய வங்கி, தேர்தல், நாடாளுமன்றம் எதுவும் அதில் இல்லை. அது வேறொருவர் எழுத வேண்டிய ஆய்வேடு.

நெறியாளர் சொல்வது நியாயம். உங்கள் வாதத்துக்குத் தோற்க வழியே இல்லை. கொழும்பு பெய்ஜிங்கிடம் கடன் வாங்கினாலும் உங்கள் கருத்து நிரூபணம், டெல்லியிடம் வாங்கினாலும் நிரூபணம். இந்த நடத்தைக்குத் துறையில் 'ஹெட்ஜிங்' என்று பெயர். மலேசியா, சிங்கப்பூரை வைத்து 2008-ல் இதை ஆராய்ந்த குயிக் செங்-ச்வீ ஐந்து கூறுகளாகப் பிரித்தார்: பொருளாதார ஆதாயம் தேடுவது, வல்லரசை அமைப்புகளுக்குள் கட்டிவைப்பது, அளவோடு ஒத்துப்போவது, எவரும் ஆதிக்கம் பெறாமல் தடுப்பது, நேரடியாக எதிர்க்காமல் படைபலம் சேர்ப்பது. ஒவ்வொன்றுக்கும் எந்த ஆவணம் சான்று, எது கிடைத்தால் உங்கள் வாதம் விழும் என்று தரவு தேடும் முன்பே எழுதி நெறியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

மூன்று நாடு வேண்டாம். ஒரு நாட்டின் ஒரு முடிவு போதும். நானாக இருந்தால் யுவான் வாங்-5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் இலங்கைக்கு வந்த கதையை எடுப்பேன். 2022 ஜூலை 12-ல் இலங்கை வெளியுறவு அமைச்சு அனுமதி தருகிறது. மறுநாள் ஜனாதிபதி கோத்தபய நாட்டை விட்டு ஓடுகிறார், 20-ம் தேதி ரணில் ஜனாதிபதியாகத் தேர்வாகிறார். இந்தியா ஆட்சேபிக்க, ஆகஸ்ட் தொடக்கத்தில் வருகையை ஒத்திவைக்கும்படி சீனாவிடம் கொழும்பு கேட்கிறது. பிறகு, இலங்கைக் கடற்பரப்பில் ஆய்வு செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு மறுபடி அனுமதி. ஆகஸ்ட் 16-ல் கப்பல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வருகிறது. ஐந்து வாரத்தில் இத்தனை புரட்டல். ஏப்ரலிலேயே கடனைத் திருப்ப முடியாது என்று அறிவித்த நாடு அது. அந்த ஆண்டு இந்தியாவிடமிருந்து ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவி பெற்றது. கடனைச் சீரமைக்கச் சீனாவின் சம்மதமும் அதற்கு வேண்டியிருந்தது. இது கணக்குப் போட்டு ஆடிய ஆட்டமா, அரசு குலைந்ததில் வந்த தடுமாற்றமா? இரண்டாவது விளக்கத்தை முழு பலத்தோடு எழுதி, அதை முறியடிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஆய்வு அங்கேதான் இருக்கிறது. 2024 ஜனவரியில் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் அனைத்துக்கும் ஓராண்டுத் தடை வந்ததையும் சேர்த்தால் ஒப்பிட ஓர் இரண்டாம் புள்ளி கிடைக்கும்.

தரவில் சறுக்கும் இடங்கள் சில. அறிவித்த கடனும் கைக்கு வந்த கடனும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே பத்தியில் கூட்டிய ஆய்வேடுகள் உண்டு. அம்பாந்தோட்டையைச் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட 2017-ல் பேசிய 112 கோடி டாலர், துறைமுகக் கடனைக் கழிக்கப் போகவில்லை. அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது, கடன் அப்படியே நின்றது. 'கடனுக்குப் பதில் துறைமுகம்' என்று எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே பிடிப்பார். ஆயுத விற்பனைக்கு ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனமான சிப்ரியின் எண்களை எடுத்தால், அவை விலை அல்ல, ஆயுதத்தின் திறனை அளக்கும் குறியீட்டு மதிப்பு. டாலர் என்று போட்டுவிடாதீர்கள். ஐ.நா. வாக்குகளும் சிக்கல்தான். 2022 மார்ச் 2-ல் உக்ரைன் தீர்மானத்தில் இலங்கை வாக்களிக்காமல் ஒதுங்கியது. இந்தியாவும் ஒதுங்கியது, சீனாவும் ஒதுங்கியது. இதை யார் கணக்கில் எழுதுவீர்கள்?

கால எல்லையை முன்கூட்டியே தீர்மானியுங்கள். மாலத்தீவிலிருந்து இந்தியப் படையினர் வெளியேற 2024 மே 10 கெடு. அங்கே ஆய்வை முடித்தால் அந்நாட்டு அதிபர் முய்சு சீனச் சார்பு. அதே முய்சு அக்டோபரில் டெல்லி வந்து 40 கோடி டாலர், 3,000 கோடி ரூபாய் நாணயப் பரிமாற்ற வசதி வாங்கிப் போனார். ஐந்தே மாதத்தில் முடிவுரை தலைகீழ்.

சார்க், பிம்ஸ்டெக் போன்ற வட்டாரக் கூட்டமைப்புகள் பற்றித் தனி அத்தியாயம் தேவையில்லை. இருதரப்புச் சச்சரவுகளைப் பேசக்கூடாது என்று சார்க் சாசனமே சொல்கிறது, 2014-க்குப் பிறகு உச்சி மாநாடும் கூடவில்லை. ஒரு பக்கம் போதும்.

கடைசியாக ஒன்று. இலங்கை நாடாளுமன்ற விவாதப் பதிவான ஹன்சார்டில் ஒவ்வொரு பேச்சும் பேசிய மொழியிலேயே அச்சாகிறது. தமிழும் ஆங்கிலமும் மட்டும் படித்தால் விவாதத்தின் பெரும்பகுதி உங்களுக்குக் கிடைக்காது. சிங்களம் படிக்கத் தெரிந்த ஒருவரை இந்தப் பருவத்துக்குள் பிடித்துவிடுங்கள். களப்பணிக்குக் கிளம்பும்போது தேடினால் தாமதம்.