சர்ச் ஹாலில் நடக்கும் ஆங்கில வகுப்புக்குப் போகலாமா?

கேள்வி: என் மனைவி இங்கிலாந்தில் என்.எச்.எஸ். மருத்துவமனையில் நர்ஸ். நான் டிபெண்டன்ட் விசாவில் மூன்று வயது மகனோடு வந்து சில மாதங்கள் ஆகின்றன. பி.எஸ்சி. படித்தவன். ஆங்கிலம் வாசிப்பேன், எழுதுவேன். ஆனால் யாராவது பேச்சுக் கொடுத்தால் வாய் அடைத்துப் போகிறது. எங்கள் தெருமுனை சர்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இலவச ஆங்கில வகுப்பு, டீ, மாதம் ஒருமுறை சேர்ந்து சாப்பாடு என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நாங்கள் இந்துக்கள். போனால் மதம் மாறச் சொல்வார்களா? விசாவுக்கோ வேலைக்கோ இதனால் பயன் உண்டா?

பதில்: தயங்காமல் போங்கள். உங்களுக்குக் குறைவது இலக்கணம் இல்லை, பேச ஆள். வீட்டில் தமிழ், போனில் ஊர்க்காரர்கள், சூப்பர்மார்க்கெட்டில் நாமே ஸ்கேன் செய்யும் மெஷின் என்று ஒரு வாரம் முழுக்க ஒரு ஆங்கில வாக்கியம் பேசாமல் இங்கே ஓட்டிவிட முடியும். அப்படியே இரண்டு வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். வகுப்பில் உட்கார்ந்த முதல் நாள் அவர்கள் படும் சங்கடத்தைப் பார்த்திருக்கிறேன். அதனால் சீக்கிரம் போகச் சொல்கிறேன்.

கல்லூரிகளில் ஈசால் (வேறு தாய்மொழிக்காரர்களுக்கான ஆங்கிலம்) வகுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் அரசு செலவில் அதில் சேர, பெரும்பாலான விசாக்காரர்கள் 3 ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். அதற்கு முன் என்றால் கட்டணம் கட்ட வேண்டும். புதிதாக வந்த டிபெண்டன்டுகளுக்குக் கைகொடுப்பது சர்ச்சும் உள்ளூர் நூலகமும்தான். 2021-இல் ஹாங்காங்காரர்களுக்குத் தனி விசா வந்தபோதும், 2022-இல் உக்ரைன் மக்கள் வந்தபோதும் பல சர்ச்சுகள் இந்த வகுப்புகளைப் புதிதாகத் தொடங்கின, ஏற்கெனவே நடத்தியவர்கள் பெரிதாக்கினார்கள். அதனால் உங்கள் மேஜையில் கீவ் நகரத்துக் கணக்காளரும் ஹாங்காங் ஆசிரியையும் இருக்க வாய்ப்புண்டு. அது நல்லது. அவர்களோடு பேச ஆங்கிலத்தை விட்டால் உங்களுக்கு வேறு வழி இருக்காது. அங்கே இன்னொரு தமிழர் இருந்தால் நலம் விசாரித்துவிட்டு வேறு மேஜைக்குப் போய்விடுங்கள்.

இனி மதம். இந்த வகுப்புகளில் சில, ஹாலை மட்டும் சர்ச்சிடம் வாங்கிக்கொண்டு வெறும் ஆங்கிலம் நடத்துபவை. சிலவற்றில் டீ இடைவேளையில் ஐந்து நிமிடம் ஒருவர் தன் விசுவாசத்தைப் பற்றியோ கிறிஸ்துமஸ், ஈஸ்டர் பற்றியோ பேசுவார். இன்னும் சில பைபிளையே வாசிப்புப் பாடமாக வைப்பவை. அதைப் பெரும்பாலும் நோட்டீஸிலேயே சொல்லிவிடுவார்கள். ஆல்ஃபா என்று ஒரு கோர்ஸுக்கு அழைத்தால் அது ஆங்கில வகுப்பு இல்லை, கிறிஸ்தவ விசுவாசத்துக்கான அறிமுகம். சாப்பாட்டோடு தொடங்கும், யாரும் போகலாம், போகாமலும் இருக்கலாம். உங்களுக்கு எது சம்மதம் என்பதை முதல் நாளே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்: நாங்கள் இந்துக்கள், ஆங்கிலத்துக்காக வருகிறேன், ஜெபம் உண்டா? இப்படிக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நடத்துபவர்களில் பலருக்கு நீங்கள் என்றாவது தங்கள் விசுவாசத்துக்கு வர வேண்டும் என்ற ஆசை இருக்கலாம். அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. ஆசை வேறு, நிபந்தனை வேறு. ஞாயிறு ஆராதனைக்கு வந்தால்தான் வகுப்பு, உதவி என்று எங்காவது சொன்னால் அன்றே வேறு இடம் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொன்னால் அமைதியாக நின்றால் போதும்.

முதலில் ஒரு சின்னத் தேர்வோ பேச்சோ வைத்து உங்களை ஒரு குழுவில் போடுவார்கள். தொடக்கநிலைக் குழுவில் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எழுத்துப் பயிற்சித் தாள் உங்களுக்கு நேர விரயம். கான்வர்சேஷன் குழுவைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கொண்டுபோக வேண்டியது அந்த வாரம் உங்களைத் திணறடித்த ஒரு விஷயம். உதாரணமாக டாக்டரைப் பார்க்க நேரம் வாங்க ஜி.பி. (குடும்ப டாக்டர்) கிளினிக்குக்கு காலை 8 மணிக்கு போன் போடுவது. வரிசையில் காத்திருந்து ரிசப்ஷனிஸ்ட் எடுத்ததும் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லி, பிறந்த தேதி, போஸ்ட்கோடு சொல்லி, குழந்தைக்கு என்ன என்பதை இரண்டு வாக்கியத்தில் முடிக்க வேண்டும். நம் பெயர்கள் நீளம், நாம் சொல்லும் வேகமும் அதிகம். தன்னார்வலரை ரிசப்ஷனிஸ்டாக உட்காரவைத்து, முகம் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு இதைப் பேசிப் பாருங்கள். உதட்டசைவும் கைச்சாடையும் இல்லாதபோதுதான் எங்கே இடறுகிறோம் என்று தெரியும். எழுத்துகளை மும்மூன்றாக நிறுத்திச் சொல்லுங்கள், எஸ் ஃபார் சுகர் என்பது போல. நான் வகுப்பில் செய்யவைக்கும் பயிற்சிகளில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை.

சேர்ந்து சாப்பிடும் நாளைத் தவறவிடாதீர்கள். பாடத்தைவிட அங்கேதான் பேச்சு ஓடும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பதார்த்தம் கொண்டுபோவது வழக்கம். எலுமிச்சை சாதம் கொண்டுபோகிறீர்கள் என்றால் ஒரு துண்டுச் சீட்டில் என்னென்ன போட்டது என்று எழுதி வையுங்கள். வேர்க்கடலை மட்டும் இல்லை, தாளித்த கடுகும், நல்லெண்ணெய் ஊற்றியிருந்தால் எள்ளும் இந்த நாட்டின் 14 அலர்ஜிப் பொருட்கள் பட்டியலில் இருக்கின்றன. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைப் பாருங்கள். அந்தச் சீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்க நாலு பேர் வருவார்கள், அப்புறம் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது.

விசா விஷயத்தில் தெளிவாக இருங்கள். சர்ச் தரும் சான்றிதழ் விசா கொடுக்கும் ஹோம் ஆபீஸில் (உள்துறையில்) செல்லாது. நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கும்போது இதுவரை கேட்டுவந்தது ஆங்கிலத்தில் பி1 (இடைநிலை) அளவு பேச்சும் கேட்டலும். அதை பி2 ஆக உயர்த்தும் திட்டத்தை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு அறிவித்தது. அதனால் விண்ணப்பிக்கும் சமயத்து விதியைப் பாருங்கள். அங்கீகரித்த நிறுவனத்தின் தேர்வுதான் செல்லும். ஆனால் உங்கள் பி.எஸ்சி. ஆங்கில வழியில் படித்தது என்றால் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் எக்டிஸ் நிறுவனம் மூலம் அதை உறுதிசெய்து, ஆங்கிலத் தேர்வே எழுதாமல் இருக்க வழி உண்டு. கல்லூரியிடமிருந்து பயிற்று மொழிச் சான்றிதழை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

வேலைக்கு இது நேரடியாக உதவும். டிபெண்டன்டாக நீங்கள் வேலை செய்யலாம், ஆனால் விண்ணப்பத்தில் இந்த நாட்டில் உங்களைத் தெரிந்த ஒருவர் பெயரை ரெஃபரன்ஸாகக் கேட்பார்கள். சில மாதம் ஒழுங்காக வகுப்புக்குப் போய், சர்ச் கஃபேயிலோ, இல்லாதவர்களுக்கு உணவுப் பொருள் கொடுக்கும் ஃபுட் பேங்கிலோ வாரம் ஒரு வேளை தன்னார்வ வேலை செய்தால், ஒருங்கிணைப்பாளரிடம் அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடும்.

மகனை என்ன செய்வது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் வகுப்பு நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள். அங்கே இருப்பவர்கள் டி.பி.எஸ். (குற்றப் பின்னணிச்) சோதனை முடித்தவர்களா, பாதுகாப்புப் பொறுப்பாளர் பெயர் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வசதி இல்லை என்றால், இங்கிலாந்தில் மூன்று வயது முடிந்த அடுத்த பள்ளிப் பருவத்திலிருந்து (டெர்ம்) எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளிப் பருவ வாரங்களில் 15 மணி நேர நர்சரி இலவசம், பெற்றோரின் விசா எதுவானாலும். வகுப்பு நடக்கும் காலை நேரத்தை அந்த மணி நேரங்களுக்குள் வருமாறு நர்சரியில் பேசி வையுங்கள். பள்ளி விடுமுறையில் இந்த வகுப்புகளும் பெரும்பாலும் இருக்காது, ஆகஸ்டில் போனால் கதவு பூட்டியிருக்கும். சில குழுக்கள் பெண்களுக்கு மட்டும் நடப்பவை, அதனால் போர்டில் உள்ள எண்ணுக்கு ஒரு போன் போட்டு, ஆண்களும் வரலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். மெசேஜ் அனுப்பாமல் பேசியே கேளுங்கள்.